கழற்றி மாட்டும் வீடு

வேனுக்குள்ளேயே படுத்து, சமைத்து, ஊர் சுற்றும் ஆசை நடுத்தர வர்க்கத்தைத் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் குளிர்நாட்டுப் பாடங்கள் இங்கே செல்லுபடியாவதில்லை. வெயிலும் சட்டமும் வேறு வழி காட்டுகின்றன.

கேரவன் என்றதும் இந்தியர்களுக்கு நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரம்தான். படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் ஜெனரேட்டர் உறும நிற்கும் நீளமான வண்டி, உள்ளே ஏ.சி., சோபா, ஆளுயரக் கண்ணாடி. வெளியே காவலுக்கு ஓர் ஆள். சற்று வயதானவர்களுக்கு இன்னொரு வண்டியும் நினைவிருக்கும். 1982ல் என்.டி.ராமராவ் பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் சூட்டி ஆந்திரத்தைச் சுற்றிவந்தார். அதன் கூரைமேல் நின்று பேசியவர் 1983 ஜனவரியில் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். ஆக, சக்கரத்தின் மேல் குடியிருப்பது நடிகருக்கும் தலைவருக்கும் உரிய சலுகை என்பதே நெடுநாள் வழக்கம்.

அந்தச் சலுகை இப்போது மாருதி வேன் வைத்திருப்பவர்வரை இறங்கி வந்துவிட்டது. 2020ல் கொரோனா ரயில்களையும் ஓட்டல்களையும் முடக்கிப்போட்டபோது, சொந்த வண்டியிலேயே தங்கினால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. கேரள அரசு 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் கட்டும் கேரவன்களின் விலை வீட்டுக் கடனை நினைவூட்டும் ரகம். எனவே மற்றவர்கள் பிளைவுட் கடைக்கும் தையற்கடைக்கும் போகிறார்கள். வாசலில் நிற்கும் ஈக்கோவையோ பழைய ஆம்னியையோ தாங்களே வீடாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஆம்னிக்கு இது புது வேடம். 1984ல் மாருதி வேனாகப் பிறந்து 2019ல் உற்பத்தி நின்ற அந்த வண்டி, பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்தது. ஆம்புலன்ஸாக ஓடியது. எல்லா மொழி சினிமாவிலும் ஆள் கடத்தியது. சறுக்குக் கதவும் மொட்டை மூக்கும் கொண்ட அந்தப் பெட்டி வடிவம்தான் அதன் பலம். நீளம் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். அடுத்து வந்த ஈக்கோ சற்றே பெரிது: 3.675 மீட்டர் நீளம், 1.475 மீட்டர் அகலம். இவை வெளி அளவுகள். உள்ளே கிடைப்பது இதைவிடக் குறைவு. அதற்குள் கட்டில், அலமாரி, அடுப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வேண்டும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கைப் பெரும்பாலோர் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, சுவர் முழுக்கப் பலகை அடித்து, அலமாரியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, கடைசியில் ஏ.சி.க்கு இடம் தேடுகிறார்கள். சில சமயம் இதில் போவது பணம் மட்டுமல்ல, உயிரும்தான்.

சட்டம் வரைந்த வரைபடம்

முதல் எல்லைக்கோட்டைப் போடுவது மோட்டார் வாகனச் சட்டம். 1988ம் ஆண்டுச் சட்டத்தின் 52வது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கும் முரண் ஏற்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் தெளிவாக்கியது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கூரையை வெட்டி உயர்த்துவது, ஜன்னல் திறப்பது, இருக்கைகளை நிரந்தரமாக எடுத்துவிடுவது எல்லாமே இந்த வலைக்குள் விழக்கூடியவை. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி உண்டு. முழுமையான கேரவன் வேண்டும் என்பவர்கள் அந்த விதிப்படி அங்கீகாரம் பெற்றுக் கட்டும் நிறுவனத்திடம் போவதே முறை. வீட்டில் செய்பவர்களுக்கு மிஞ்சுவது ஒரே வழி: எதையும் வண்டியோடு சேர்த்துப் பூட்டாமல், சாமானாக உள்ளே வைத்து, சாமானாகவே வெளியே எடுப்பது. வண்டியில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளிலும் கம்பிகளிலும் வாரால் இழுத்துக் கட்டும் பெட்டி, சட்டத்தின் கண்ணில் சுமை. வண்டியின் உறுப்பு அல்ல.

முதலில் இது பெரிய தடையாகத் தோன்றும். உண்மையில் இது இந்தியக் குடும்பத்துக்கு வசதிதான். வாரக் கடைசியில் வீடாக இருக்கும் வண்டி, திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கும் கடைக்கும் போயாக வேண்டும். நிரந்தரக் கட்டில் போட்ட வேன் அதற்கு உதவாது.

200 கிலோ குடித்தனம்

அடுத்த எல்லை எடை. ஐந்து பேர் உட்காரும் வண்டி ஏறக்குறைய 350 கிலோ மனித எடையைச் சுமக்கும்படி அமைந்தது. இருவர் மட்டும் போனால் மூவர் எடை மிச்சம். தோராயமாக 200 கிலோ. குடித்தனம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கே முதல் எதிரி பிளைவுட்தான். எட்டுக்கு நாலு அடிப் பலகை 19 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். அதே பலகை 12 மி.மீ. கனத்தில் சுமார் 22 கிலோ. அடியில் குறுக்குச் சட்டங்கள் சரியாகக் கொடுத்தால் 12 மி.மீ. இருவரைத் தாராளமாகத் தாங்கும். தச்சர்கள் வீட்டு அலமாரிப் பழக்கத்தில் 19ஐத்தான் பரிந்துரைப்பார்கள். அவர்களுக்கு வண்டியின் டயரைப் பற்றிக் கவலையில்லை. மழைக்கால ஈரத்தில் சாதாரணப் பலகை அடுக்கடுக்காகப் பிரியும் என்பதால், தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் மரைன் ரகம் வாங்குவது நல்லது.

அதைவிட மலிவான, இலேசான வழி வடஇந்தியத் தாபாக்களின் வாசலிலேயே கிடக்கிறது. லாரி ஓட்டுநர்கள் முதுகை நீட்டும் நாடாக் கட்டில்தான் அது. இலேசான இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நைலான் நாடா பின்னினால் பலகையின் எடை பாதியாகும். அடியிலிருந்து காற்றும் வரும். பலகைமேல் போட்ட நுரை மெத்தை, வியர்வையையும் தரை ஈரத்தையும் குடித்துச் சில மாதங்களில் அடியில் பூஞ்சை பிடிக்கும். நாடாமேல் விரித்த மெல்லிய பஞ்சு மெத்தையை, காலையில் கூரைமேல் போட்டுக் காயவைத்துவிடலாம்.

கட்டிலை மூன்று துண்டுகளாகச் செய்வதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு துண்டும் ஒருவர் தூக்கும் எடையில், 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்தால் கட்டில்; ஒன்றை உயர்த்தினால் மேஜை; மூன்றையும் இறக்கினால் பழைய வேன். கால்களின் உயரத்தை இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம். கட்டிலுக்கு அடியில் சாமான் நிறைய வைக்கலாம் என்று உயர்த்திக்கொண்டே போனவர்கள், மழை நாளில் கழுத்தைக் குனிந்தபடி இட்லி சாப்பிட நேரிடும்.

கட்டிலுக்கு அடியில்

சாமான் அடுக்கும் கலைக்கு விதி எளிது: கனமானது கீழே, நடுவே, இலேசானது மேலே, ஓரத்தில். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. அப்படி இரண்டு கேன்களைக் கடைசிக் கதவுக்கு அருகே வைத்தால், மலைப்பாதை வளைவுகளில் வண்டியின் பின்புறம் இழுக்கும். அவற்றின் இடம் முன் இருக்கைக்கு நேர் பின்னால், தரையில்.

இரண்டாவது விதி: கட்டாத சாமான் எதுவும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. 60 கி.மீ. வேகத்தில் போகும் வேன் எதன்மீதாவது மோதி நின்றால், உள்ளே இருக்கும் பெட்டி நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பறந்து வரும். பத்துக் கிலோ சமையல் பெட்டி அந்தக் கணத்தில் ஓட்டுநரின் முதுகுக்கு நூற்றுக்கணக்கான கிலோவாகத் தெரியும். லாரி சாமான் கடைகளில் கிடைக்கும் பற்சக்கர இறுக்கி வைத்த நைலான் வார் இதற்குப் போதும். விலை சொற்பம்.

மீதியை இந்திய வீடுகள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டன. குலுக்கலில் திறக்காத மூடி வேண்டுமா? தூக்குச் சட்டி இருக்கிறது. மசாலாவுக்கு அஞ்சறைப் பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டச் சாப்பாட்டு அடுக்கு. முன் இருக்கையின் முதுகில் மாட்ட, கான்வாஸ் துணியில் பைபையாகத் தைத்த தொங்கல். அதைத் தைக்க ஸ்கூட்டர் சீட் உறை போடும் கடையே போதும். இழுப்பறைக்கு விலை உயர்ந்த பூட்டுகள் தேவையில்லை. பழைய ஜன்னல்களில் இருக்கும் பித்தளைக் கொக்கி குலுக்கலில் விடாது. துணிமணிக்குப் பெட்டியைவிடத் துணிப்பையே மேல். அது இருக்கும் இடுக்கின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்; இரவில் தலையணையாகவும் மாறும்.

தூசி தனிப் பிரச்சினை. மண் சாலையில் ஓடும் வேனின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் இடுக்குகள் வழியாகப் புழுதி உள்ளே உறிஞ்சப்படும். கதவு ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுவதும், படுக்கையை ஓட்டத்தின்போது தார்ப்பாய் உறையில் வைப்பதும் எத்தனை முறை துடைத்தாலும் கிடைக்காத சுத்தத்தைத் தரும்.

குளிரல்ல, வெயில்

குளிர்நாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகச் சொல்வது உள்வெப்பத்தைக் காப்பது எப்படி என்பதை. இந்தியாவில் லடாக், இமாசலம் போன்ற பகுதிகள் நீங்கலாக, பிரச்சினை நேர் எதிரானது. தகரக் கூரை நாள் முழுக்கக் காய்ந்து, இரவு பத்து மணிக்கும் தலைக்குமேல் கனலும். கண்ணாடி வழியாக வரும் வெயில் உள்ளே அடைபடும்.

இதற்கான முதல் வைத்தியம் வெளிப்புறத்தில். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுப்பது, உள்ளே வந்தபின் திரை போடுவதைவிடப் பல மடங்கு பலன் தரும். வெள்ளிநிறக் குமிழித் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து, உள்ளே சிறு காந்தங்களை வைத்தால், வண்டி நின்றதும் வெளியிலிருந்து ஒட்டி, கிளம்பும்போது உரித்துவிடலாம். கூரைக்கும் ஒரு வெள்ளைத் தார்ப்பாய், தகரத்தைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால், அந்த இடைவெளியில் ஓடும் காற்றே குடையாகும். இதே காந்த வித்தையில் கொசுவலையும் செய்யலாம். எதிரெதிர் பக்கங்களில் இரண்டு ஜன்னல்கள் வலையோடு திறந்திருந்தால்தான் காற்று ஓடும். ஒன்று மட்டும் திறந்தால் புழுக்கம் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வைத்தியம் பிளைவுட் கடையில் கிடைக்காது, வரைபடத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ராஜஸ்தானின் வெயிலில் தகிப்பவர்களுக்கு 1,200 மீட்டர் உயரத்தில் மவுண்ட் அபு இருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு 1,350 மீட்டரில் மகாபலேஷ்வர், மத்தியப் பிரதேசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில் பச்மரி. பகலில் சமவெளியில் ஓட்டி, இரவில் மேலே தங்குவதுபோல் பயணத்தை அமைப்பவருக்கு ஒரு மின்விசிறி போதும்.

ஏ.சி. கேட்கும் விலை

அந்த மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் இடையில்தான் ஆபத்து தொடங்குகிறது. 20 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் செலவாவது 160 வாட்-அவர். எல்.இ.டி. விளக்குக்கு 25, இரண்டு செல்போன்களுக்கு 40 என்று வைத்தாலும் ஒரு இரவுக்கு 225தான். சூட்கேஸ்போலத் தூக்கிச் செல்லும் 500 வாட்-அவர் லித்தியம் மின்பெட்டி ஒன்று இரண்டு இரவுகளுக்குக் காணும். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி மூன்று மணி நேரம் ஓட்டினால், அடுத்த இரவுக்குத் தேவையானது சேர்ந்துவிடும். தினமும் ஓட்டுபவருக்குக் கூரைமேல் சோலார் தகடுகூடத் தேவையில்லை.

தனி பாட்டரி வைத்து ஒயர் இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் 120 வாட் கருவி அரை ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் அதே கருவி பத்து ஆம்பியர் இழுக்கும். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை இங்கே போட்டால் அது சூடாகி, உறை உருகித் தீப்பிடிக்கும். தடித்த ஒயரும், பாட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸும் கட்டாயம்.

இனி ஏ.சி. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 1,000 வாட் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் ஒரு இரவுக்கு 4,000 முதல் 5,000 வாட்-அவர் வேண்டும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பாட்டரி வைத்திருப்பது 1,200. ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. ஆக எட்டு பாட்டரிகள். ஒன்று 30 கிலோ என்றால் மொத்தம் 240 கிலோ. குடித்தனத்துக்கு ஒதுக்கிய 200 கிலோவையும் தாண்டி, வீடே பாட்டரியாகிவிடும்.

எனவே ஆட்கள் வேறு இரண்டு வழிகளைத் தேடுகிறார்கள். ஒன்று, என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது. இன்னொன்று, ஜெனரேட்டர். இரண்டும் வெளியிடுவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சில் புகுந்து ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் விழிப்பதில்லை.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் நச்சுப்புகை வண்டிக்குள் கசிந்து புகுந்ததே காரணம் என்று தெரிந்தது. கொள்ளையில்லை, மோதலில்லை, வெயிலிலிருந்து தப்பி நிம்மதியாகத் தூங்கும் முயற்சி மட்டுமே.

குளிர் பிரதேசத்தில் இதே விபத்து வேறு முகமூடி போட்டு வருகிறது. வடஇந்தியாவில் மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள் இறந்த செய்தி வராத குளிர்காலம் இல்லை. அறையைவிடச் சிறிய வேனில் அடுப்பு மூட்டினால் முடிவு இன்னும் சீக்கிரம். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றைப் படுக்கைக்கு அருகே மாட்டிவைப்பது, மெத்தைக்கும் முன்பே வாங்க வேண்டிய சாமான். ஆனால் அது கடைசிக் காவல். முதல் காவல், தூங்கும் இடத்தில் எதையும் எரிக்காமல் இருப்பது.

அடுப்பும் தண்ணீரும்

சமையலுக்கும் இதே விதி. ஐந்து கிலோ சிறிய சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் ஒரு பெட்டியில் இருக்கலாம். ஆனால் சமைப்பது பின்கதவை உயர்த்தி, அதன் நிழலில், வெளியே. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையில், கட்டிலுக்கு அடியில் குளம்போல் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரை நிமிர்த்தியே வைப்பதும், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுவதும், இரவில் வண்டிக்கு வெளியே வைப்பதும் பழக்கமாக வேண்டும்.

தண்ணீருக்குக் கேன்மேல் பொருத்தும் சிறிய பம்பு போதும். குழாய், சிங்க், தொட்டி என்று போனால் எடையும் கசிவும்தான் மிச்சம். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி வைத்துக்கொண்டால், நின்ற இடத்தை அசுத்தம் செய்த பழி வராது.

எல்லா வசதிகளிலும் பெண்களுக்கு முக்கியமானதைத்தான் ஆண்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை எங்கே வரும் என்று தெரியாத நாட்டில், மடக்கும் இருக்கை, மூடி இறுக்கமான வாளி, பின்கதவில் மாட்டி மூன்று பக்கம் மறைக்கும் ஒரு துணித் திரை ஆகிய மூன்றும் சேர்ந்து, மெத்தையைவிடப் பெரிய நிம்மதி தரும். தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்து பழகிய பெண்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

கூட்டிப் பார்த்தால், கட்டில் 40 கிலோ, மெத்தை 10, தண்ணீர் 40, சிலிண்டரும் அடுப்பும் 20, மின்பெட்டி 7, பாத்திரமும் அரிசி பருப்பும் 25, துணிமணி 25. மொத்தம் 167 கிலோ. வண்டிக்கு இன்னும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

பயணம் முடிந்து திரும்பும் ஞாயிறு இரவில் கட்டிலின் மூன்று துண்டுகளும் பரண் ஏறும். தூக்குச் சட்டி சமையலறைக்கும், மெத்தை மொட்டை மாடிக்கும் போகும். மறுநாள் காலை அந்த வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும். அதன் தரையில் ஒரு போல்ட் துவாரம்கூட இருக்காது. எந்த இடுக்கு வழியாகவும் புகை புகாத, எந்த இன்ஸ்பெக்டருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத வண்டி அது.